ஏழாம் நம்பர் புல்

ஏழாம் நம்பர் மலையில் தேயிலை வந்துவிடக் கூடாது என்று ஜீவராணி ஆசைப்பட்டாள். அவள் ஆசைப்பட்டபடியே நடந்த காரியம் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

யட்டியாந்தோட்டை பஸாருக்கு மேலே, ரப்பர் முடிந்து தேயிலை தொடங்கும் உயரத்தில் இருந்தது அவர்கள் தோட்டம். தோட்டத்துப் பேச்சில் மலை என்றால் நம்பர் போட்டுப் பிரித்த தேயிலைத் துண்டு. ஏழாம் நம்பரில் நின்ற கிழட்டுத் தேயிலையைக் கம்பெனி எப்போதோ பிடுங்கிவிட்டது. பிடுங்கின கையோடு புதுக்கன்று வைக்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே செடியைச் சுமந்த மண் செத்துப் போயிருக்கும். ஆளுயரம் வளரும் புல்லை நட்டு, வெட்டி வெட்டி அங்கேயே போட்டு அழுக விடுவார்கள். இரண்டு வருஷத்தில் மண்ணுக்கு உயிர் வரும். அதற்குப் பிறகுதான் கன்று.

ஏழாம் நம்பரிலும் அப்படித்தான் புல் நட்டார்கள். நட்டு முடித்ததும் நாட்டில் உரம் இல்லாமல் போனது. பிறகு டீசல் இல்லாமல் போனது. பிறகு கன்று வைக்கக் கம்பெனியிடம் பணம் இல்லாமல் போனது. துரைமார் மாறினார்கள். புல் மட்டும் அப்படியே நின்றது. அதற்குள் காட்டுப்பன்றி குட்டி போட்டது.

ஜீவராணி கொழுந்து பறிக்கப் போவதை விட்டுவிட்டு மாட்டை நம்பியவள். மாட்டை நம்பினாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பஸாரில் இருந்த சாலி நானாவின் கடையைத்தான் நம்பினாள். அங்கிருந்து புண்ணாக்கும் மூட்டைத் தீனியும் வந்தால் மாடு கறக்கும். வராவிட்டால் கறக்காது. இத்தனை பச்சைக்கு நடுவில் புல்லுக்கா பஞ்சம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். கான் என்கிற வடிகால் ஓரத்தில் முளைப்பதற்கும் ரப்பர் மரத்தடியில் முளைப்பதற்கும் தோட்டம் களை மருந்து அடித்துவிடும். மருந்து பட்ட புல்லைத் தின்ற மாடு எப்படிக் கிடந்து சாகும் என்று அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் இரண்டு குடும்பத்துக்குத் தெரியும்.

தட்டுப்பாட்டு வருஷத்தில் மூட்டையின் விலை ஏறியது. அதைவிட மோசம், மூட்டைக்குள் இருந்தது மாறியது. உமியும் மரத்தூளும் சேர்ந்த மாதிரி ஏதோ ஒன்று. மூன்று மாடுகளுக்கும் பால் வற்றியது. ஒன்றை விற்று மற்ற இரண்டுக்கும் தீனி வாங்கினாள். அதாவது மாட்டை மாட்டுக்கே தின்னக் கொடுத்தாள்.

அவள் புருஷன் இருளப்பன் கீழ்ப் பிரிவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் வாய் ஓயாது.

"ரெண்டு பேருக்கும் பால் தொழிலுதான்," என்றான் ஒரு மழை நாளில், லயத்து அறையான காம்பராவின் வாசலில் குந்திக்கொண்டு. "மழை வந்தா என் பாலு நிக்கும். மூட்டை தீந்தா ஒன் பாலு நிக்கும். நம்ம கையில நிக்கிற பாலுன்னு ஒண்ணு இல்ல."

ஜீவராணி மழை விட்டதும் கத்தியை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பருக்குப் போனாள்.

முதலில் பயந்து பயந்துதான் வெட்டினாள். வாட்சருக்கு ஒரு போத்தல் பால் போனதும் அவன் கண்ணுக்கு அந்தப் பக்கம் தெரியாமல் போனது. தோட்டம் நட்ட புல் முற்றல். மாடு வேண்டாவெறுப்பாகத் தின்றது. அந்தச் சமயத்தில் அரசாங்கத்து மாட்டு டாக்டர் பஸாரில் ஒரு வகுப்பு வைத்தார். முழுக்கச் சிங்களம். ஜீவராணி கடைசி வரிசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். தீனியைக் கடையில் வாங்குகிறவன் மாட்டுக்காரன் இல்லை, கடைக்காரனின் கூலி என்று டாக்டர் சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பு முடிந்ததும் கரும்பு மாதிரிக் கணுக்கணுவாக இருந்த நல்ல சாதிப் புல் ஒரு கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறினாள்.

தோட்டத்துப் புல்லைக் கிளறி எடுத்த இடத்தில் எல்லாம் அந்தக் கணுவை ஊன்றினாள். ஓரத்தில் கிளிசீரியா மரக் கம்பு நட்டாள். அதன் தழையைப் பச்சையாக நீட்டினால் நாற்றத்துக்கு மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தேயிலை பெக்டரியில் கொழுந்தை வாட்டுகிற மாதிரி நிழலில் பரப்பி அரை நாள் வாடப் போட்டுக் கொடுத்தாள். தின்றது. மூட்டைத் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒரு நாள் அடியோடு நிறுத்தினாள்.

நிறுத்தின புதிதில் பால் இறங்கியது. தண்ணியாகவும் போனது. பால் எடுக்க வருகிறவன் பால்மானியைப் போத்தலுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும், "பீலி தண்ணியா, ஆத்துத் தண்ணியா?" என்று கேட்டான். புல் தழைத்து, தழையும் சேர்ந்து, மாட்டின் வயிறு பழகின பிறகு பால் தேறியது. பழைய அளவுக்கு வரவில்லை. ஆனால் வந்தது அவளுடையது.

பஸாரில் அவளைக் கண்டால் சாலி நானா விட மாட்டார். கடை வாசலில் நின்று நாலு பேர் காதில் விழக் கேட்பார்.

"என்ன ராணி, ஒங்கட மாடு நோம்பு புடிச்சீக்கிதா? கடைப்பக்கமே காணல்ல."

"நோம்பு இல்ல நானா. அது இப்ப வேற கடையில சாப்பிடுது."

"எந்தக் கடை? எனக்குத் தெரியாத கடை இங்க ஈக்கிதா?"

"இருக்கு. அங்க முதலாளி கெடையாது."

இதைச் சொன்ன நாள் முழுக்க அவளுக்கு நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

புல்லுக்கும் உரம் வாங்கவில்லை. பட்டியில் சேருகிற சாணியையும் மூத்திரத்தையும் பீப்பாயில் கரைத்து, தினமும் தலைச்சுமையாகக் கொண்டுபோய் ஏழாம் நம்பரில் ஊற்றினாள். மழைக்காலம், வெயில்காலம் என்று பார்க்கவில்லை. செம்மண் கறுத்தது. மிதித்தால் பாதம் அமிழ்ந்தது. புழு வந்தது, புழுவைத் தின்னக் குருவி வந்தது.

கடைசியாக, பெரிய துரைக்கு உதவியாக இருக்கும் சின்னத்துரையும் வந்தான்.

புதிதாக வேலைக்கு வந்த சிங்களப் பையன். காற்சட்டை, தொப்பி, ஓட்டைத் தமிழ். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா பின்னால் வர, ஏழாம் நம்பருக்குள் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தான். படித்தவன். மண்ணை மதிக்கத் தெரிந்தவன். அதுதான் வினை.

"ஷோக் மண்ணு," என்றான். "யாரு இதுக்கு சாணி போட்டது?"

புல்லுக்குள் குனிந்து நின்ற ஜீவராணி நிமிர்ந்தாள். வருஷக்கணக்காக அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"நாந்தான் சேர்."

"ரொம்ப நல்ல வேலை அக்கே." அவன் உண்மையாகவே சந்தோஷப்பட்டான். "தோட்டத்துல இந்த மாதிரி மண்ணு வேற எங்கயும் இல்ல. இப்ப ஏழாம் நம்பர் ரெடி. வெசாக் பெருநாள் முடிஞ்சு மண்ணு எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம். ரிப்போர்ட் ஹரி, நல்லதுன்னா, புல்லு புடுங்கி தேயிலை போடுவோம்."

"அப்ப புல்லு?"

அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. "புல்லு மண்ணுக்குத்தானே போட்டது," என்றான்.

மறுநாள் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்துக் காம்பராக் கலைச்செல்வி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கள யாருக்கா வாயத் தொறக்கச் சொன்னது? பன்னி போட்டதுன்னு சொல்லியிருந்தா பன்னிக்கு நல்ல பேரு கெடைச்சிருக்கும். ஒங்க மாடும் பொழைச்சிருக்கும்."

"கேட்டாரு, சொல்லிட்டேன்."

"நல்லா சொன்னீங்க. சாணியச் சொமந்த நேரத்துக்குச் சாம்பலச் சொமந்திருந்தா அந்தப் புல்லு ஒங்களுக்கே. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால பாத்தீங்கல்ல?"

பீலியடியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஜீவராணி குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு காலத்தில் பழைய லயம் இருந்தது. அதை இடித்துவிட்டுத் தேயிலை வைத்தார்கள். கன்று மஞ்சளாகி முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. மறுபடி வைத்தார்கள். மறுபடி மஞ்சள். ஏன் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அத்தனை அடுப்புச் சாம்பலையும் குடித்த மண். தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும். சாம்பல் பட்ட இடத்தில் அது பிழைக்காது. புல்லுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சாம்பல் கண்ட புல் இன்னும் கொழுக்கும்.

அன்றைக்கே அவள் காம்பரா காம்பராவாகப் போனாள். மாட்டுப்பட்டியில் ஈரம், உண்ணியும் ஏறுது, அடுப்புச் சாம்பல் இருந்தால் கொடுங்கள் என்றாள். யார் இல்லை என்பார்கள்? கவாத்தில் வெட்டிப்போட்ட தேயிலை மிளாறுதான் அங்கே எல்லா அடுப்பிலும் விறகு. சாம்பலைக் கானில் கொட்டப் போகிற வேலை மிச்சம். காலையில் வாசலில் தகரம் தகரமாக வைத்துவிட்டார்கள். அவள் அதைச் சாணிப் பீப்பாயில் கலந்தாள். வழக்கமாகச் சுமக்கிற சுமைதான், வழக்கமாகப் போகிற வழிதான். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். புல்லின் அடியில் கிளறி ஊற்றினாள். அந்த வருஷம் மழையும் அவள் பக்கம் நின்றது. விழுந்து விழுந்து எல்லாவற்றையும் உள்ளே இறக்கியது.

இருளப்பன் கண்டுபிடித்துவிட்டான். அவள் புருவத்தில் சாம்பல் படிந்திருந்தது.

"என்னா, சாமிக்குப் பூசுற மாதிரி மலைக்குப் பூசுறியா?"

"தேயிலை வந்தா மாட்ட விக்கணும்."

"விப்போம். நான் என்னா செத்தா போயிட்டேன்?"

"நீங்க மழ பேஞ்சா வாசல்ல குந்திருக்குற ஆளு."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கொஞ்ச நேரம் வெட்டுக்கத்தியைச் சாணைக்கல்லில் தேய்த்தான்.

"மண்ண ஏமாத்திருவ ராணி. தொரைய எப்பிடி ஏமாத்துவ?"

"மண்ண ஏமாத்துனா போதும். தொரை மண்ணத்தான் கேப்பாரு."

வெசாக் முடிந்தது. கண்டக்டர் ஐயா இரண்டு ஆட்களுடன் வந்து, குழாயை மண்ணில் இறக்கி அங்கங்கே மண் எடுத்தார். இந்தத் தோட்டத்திலேயே தலை நரைத்தவர் அவர். ஜீவராணி தள்ளி நின்று, வெட்ட வேண்டிய தேவையில்லாத புல்லை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு பிடி மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தார். எதையோ நகத்தால் சுண்டி எறிந்தார். பிறகு அவளைப் பார்த்தார். பைகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரிப்போர்ட் வந்ததைப் பிரட்டுக்களத்தில் வைத்துத்தான் சொன்னார்கள். காலையில் வேலை பிரிக்கும்போது கண்டக்டர் சும்மா போகிற போக்கில் சொன்னாராம். ஏழாம் நம்பர் மண்ணு கெட்டுப்போச்சு, அங்க தேயிலை வராது.

இருளப்பன் அந்தச் செய்தியை ஓட்டமாகக் கொண்டுவந்தான். ஜீவராணி அன்று மாலைப் பாலைப் பால் எடுக்க வருகிறவனுக்குக் கொடுக்கவில்லை. வெறும் சாயத் தண்ணீர் குடிக்கிற லயம் முழுவதற்கும் பால் ஊற்றி, சீனி போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

"என்னா விசேசம்க்கா?" என்றாள் கலைச்செல்வி.

"மாடு சென பட்டிருக்கு."

"எந்த மாடு? சாம்பல் தின்ன மாடா?"

இருவரும் புரை ஏறும் அளவுக்குச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்கு முன்பே சீமெந்துத் தூண்கள் ஏற்றிய லொறி ஒன்று ஏழாம் நம்பர் வாசலில் நின்றது. பின்னால் முள்ளுக்கம்பிச் சுருள்கள். சின்னத்துரை கையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, எங்கே கேட், எங்கே கொட்டகை என்று காட்டிக்கொண்டிருந்தான். ஜீவராணி கத்தியோடு போனாள்.

"என்ன சேர் இது?"

"பால் பாம், மாட்டுப் பண்ணை அக்கே. கொழும்பு முதலாளி ஒருத்தருக்கு கம்பெனி குத்தகை குடுத்திருக்கு." அவன் முகம் மலர்ந்திருந்தது. அவளுக்கு நல்ல செய்தி சொல்கிறோம் என்றே நினைத்தான். "தேயிலைக்கு சரியில்லாத காணி. ஆனா புல்லு பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு. மாட்டுக்கு ஷோக். சும்மா கெடக்க விடக் கூடாதுதானே."

"சும்மா கெடக்கல்ல சேர். அது நான் நட்டது."

"எது?"

"புல்லு. இந்தக் கம்பு, இந்தத் தழ, எல்லாம்."

அவன் படத்தை மடித்தான். முகத்திலிருந்த மலர்ச்சி போய்விட்டது.

"யாரைக் கேட்டு நட்டது?"

தோட்டத்து மண்ணில் கேட்காமல் ஒரு மிளகாய்ச் செடி நட்டதற்கே ஆட்களை ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அடுத்த கேள்வி எதைப் பற்றி வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஏன் மறைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் கண்டக்டர் ஐயா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடந்தார்.

"மண்ணுல கரித்துண்டு கெடந்துச்சு," என்றார், அவளைப் பார்க்காமல். "மிளாத்துக் கரி. அந்தக் காட்டுல எவன் அடுப்பெரிச்சான்? நான் யாருகிட்டயும் சொல்லல்ல."

"ஐயா..."

"சொல்லியிருக்கணும்னு இப்பத் தோணுது. தேயிலை வச்சிருந்தா என்னா ஆயிருக்கும்? சின்னக் கன்னுக்குக் களை மருந்து அடிக்க மாட்டாங்க, பட்டுப்போகும். கன்னு தலையெடுக்கிற வரைக்கும் வரிசைக்கு நடுவுல மொளைக்கிற அத்தனையும் கையாலதான் வெட்டணும். யாரு வெட்டுவா? நீதான் வெட்டியிருப்ப. நாள் கூலிக்குப் பேரும் போட்டுக் குடுத்திருப்பேன், களையும் ஒன் மாட்டுக்குப் போயிருக்கும். நெழலுக்கு நின்ன கிளிசீரியாவ யாரும் தொட மாட்டாங்க." சைக்கிளை நிறுத்தினார். "இது கம்பி வேலி. இதுக்குள்ள ஒண்ணுமில்ல ஒனக்கு."

அவர் ஏறி மிதித்துப் போய்விட்டார். அவள் அங்கேயே கான் கரையில் உட்கார்ந்தாள். இதை ஏன் முன்னால் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், நீ ஏன் முன்னால் கேட்கவில்லை என்பார். இரண்டு பேரும் சரி. இரண்டு பேரும் ஊமை மாதிரி இருந்துவிட்டார்கள்.

கொட்டகை எழும்பியது. கறுப்பும் வெள்ளையுமாக, அவள் பட்டியில் நிற்க இடம் போதாத பெரிய மாடுகள் லொறியில் வந்து இறங்கின. காதில் மஞ்சள் வில்லை. அவற்றுக்குப் புல் மட்டும் பற்றாதாம். வாராவாரம் தீனி மூட்டை லொறியில் ஏறி மலைக்கு வந்தது. புல் வெட்ட ஆள் தேவை என்றார்கள். ஜீவராணி முதல் நாளே போய் நின்றாள். அந்தப் புல்லை எந்தக் கணுவுக்கு மேலே வெட்டினால் மறுபடி நன்றாகத் தழைக்கும் என்று அவளுக்குத் தெரியும். மேற்பார்க்க வந்தவன் அவள் வெட்டுவதைப் பார்த்துவிட்டு, "பழகின கை," என்றான்.

மாலையில் வெளியே வரும்போது கேட்டில் சோதிப்பார்கள். கூடை, பை, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு எல்லாம் உதறிக் காட்ட வேண்டும். ஒரு பிடி புல் கூட வெளியே போகக் கூடாது. வாட்சர் அதே பழைய வாட்சர். பால் போத்தல் வாங்கிக் குடித்தவன். "கோவிச்சுக்காதீங்கக்கா, கமரா வச்சிருக்காங்க," என்று மேலே கை காட்டினான்.

வெளியில் இருந்த புல்லுக்கெல்லாம் மருந்து. சின்ன மாட்டை விற்றாள். செவலை மட்டும் மிஞ்சியது. இருளப்பன் ஒன்றும் சொல்லவில்லை. வாய் ஓயாத மனிதன் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அவளுக்கு இன்னும் எரிந்தது.

ஒரு சம்பள நாளில் அவள் பஸாருக்கு இறங்கினாள். சாலி நானா தூரத்திலிருந்தே கண்டுவிட்டார். அவருக்கு மலையில் நடந்தது எதுவும் தெரியாது. பழைய வாடிக்கை திரும்பி வருகிற சந்தோஷம்தான் முகத்தில்.

"ராணி, நோம்பு தொறந்தாச்சா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜீவராணியும் சிரித்தாள். அங்கே சிரிக்க வேண்டும், சிரித்தாள்.

"தொறந்தாச்சு நானா. ஒரு மூட்ட போடுங்க."

"அந்தக் கடை என்னாச்சு, முதலாளி இல்லாத கடை?"

"முதலாளி வந்துட்டாரு."

மறுநாள் மாலை வேலை முடிந்து நேரே பட்டிக்குப் போனாள். நாள் முழுக்கப் புல் வெட்டிய சட்டை. கைப்பக்கம் முழங்கை வரைக்கும் பச்சைச் சாறு காய்ந்திருந்தது. செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அவள் கையை மோந்தது. பிறகு நக்கத் தொடங்கியது. சொரசொரப்பான நாக்கால் சட்டைத் துணியை விடாமல் நக்கியது. தன் புல் எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டு, மூட்டைத் தீனியை வாளியில் கரைத்து முன்னால் வைத்தாள். அது முகர்ந்து பார்த்துவிட்டு வாளியை மூக்கால் தள்ளியது. தீனி சிந்தியது. மறுபடி அவள் கைக்கே வந்தது.

பக்கத்துக் காம்பராவிலிருந்து கலைச்செல்வி தகரத்தோடு வந்தாள். "சாம்பல் வேணுமாக்கா? வீணாக் கெடக்கு."

ஜீவராணி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டியின் குறுக்குக் கழியில் சொருகியிருந்த மிளாறு ஒன்றை உருவினாள். அந்த மாட்டை அவள் ஒருநாளும் அடித்ததில்லை. கழுத்திலும் முதுகிலும் மாறி மாறி அடித்தாள். மிளாறு முறிகிற வரைக்கும் அடித்தாள். செவலை கத்தவில்லை. கண்ணை உருட்டிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் ஒட்டி நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வந்து வாளிக்குள் தலையை விட்டுத் தின்றது.